வரதராஜா நட்ட கன்னிக்கால்

வரதராஜா நட்ட கம்பம் சாய்ந்ததென்று டண்டினொங்கிலிருந்து கிரான்போர்ன் வரைக்கும் ஒருத்தரும் வாய் திறந்து சொன்னது கிடையாது. பத்தொன்பது வருஷம் வேலி போட்டே குடும்பத்தை நிமிர்த்திய மனிதர். மெல்போர்ன் காற்று என்ன லேசுப்பட்ட காற்றா? கூரைத் தகரத்தையே பிடுங்கிக்கொண்டு போகும். அப்படிப்பட்ட காற்றிலும் அவருடைய வேலிகள் அசையாமல் நின்றன. அந்தப் பெருமை அவருக்கு உண்டு, கொஞ்சம் கூடவே உண்டு. கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் கம்பம் நடுகிற விதம் பற்றித்தான் கதைப்பார்.

அப்படிப்பட்டவர் வைகாசி மாதத்து ஒரு சனிக்கிழமை விடியப்புறம் தேத்தண்ணிக் கோப்பையோடு பின்வளவுக்கு வந்தார். ஈசான மூலையில் தன் கையாலேயே நட்ட கன்னிக்கால், பனி விழுந்த புல்லில் நீட்டி நிமிர்ந்து கிடந்தது. கோப்பை சரிந்து தேத்தண்ணி முழுக்கச் செருப்பில் ஊற்றியது.

கன்னிக்கால் என்பது சும்மா ஒரு தடியில்லை. மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்குகிற நாளில் பெண் வீட்டு முற்றத்திலும் முள்முருக்கந் தடி ஒன்றை நடவேண்டும். குழிக்குள் நவதானியம், ஒரு செப்புக்காசு, கொஞ்சம் பால். தடியில் மாவிலை, மஞ்சள் துணி. சுமங்கலிப் பெண்கள் சுற்றிவந்து தண்ணீர் ஊற்றுவார்கள். பிறகு தாய்க்காரி நாள் தவறாமல் ஊற்றவேண்டும். அது வேர்விட்டுத் துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும் என்பது நம்பிக்கை. சாய்ந்தால் என்னவென்று ஒருத்தரும் வாயால் சொல்லமாட்டார்கள்.

போதாக்குறைக்கு அந்தத் தடி சிட்னியிலிருந்து வந்தது. மனைவி தனேஸ்வரியின் தமையன் மகேந்திரராஜா, றோட்டோரத்தில் களையாக வளர்ந்து நின்றதை வெட்டி, ஈரச்சாக்கில் சுற்றி, ஒன்பது மணித்தியாலம் கார் ஓடிக் கொண்டுவந்திருந்தார். மகளுக்குச் சிட்னி பென்டில் ஹில் மாப்பிள்ளை பிரேம்நாத்தைப் பொருத்திக் கொண்டுவந்தவரும் அவர்தான். வியாழக்கிழமை நட்டாயிற்று. கலியாணம் அடுத்த கிழமை ஞாயிறு. நடுவில் இந்தச் சனிக்கிழமை வந்து இப்படிக் கண்ணைக் குத்திற்று.

வரதராஜா குந்தியிருந்து குழியைப் பார்த்தார். முழங்கை ஆழம். இரும்பு அலவாங்கால் இடித்துத் தோண்டி, மண்ணை மூன்று தட்டாகப் போட்டு, ஒவ்வொரு தட்டையும் இறுக்கி நட்ட குழி. பக்கமெல்லாம் நேராக நின்றது, வாய் மட்டும் கொஞ்சம் அகன்றிருந்தது. அவர் அதை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு காலால் மண்ணைத் தள்ளிவிட்டு அலவாங்கை எடுக்கப் போனார்.

அதற்குள் தனேஸ்வரி பாற்செம்போடு வந்துவிட்டாள்.

"ஐயோ முருகா! இஞ்சாருங்கோ, என்ன இது? என்ரை பிள்ளையின்ரை கால் எல்லோ கிடக்குது!"

"சத்தம் போடாதையப்பா. நட்டுவிடுறன்."

"நீங்கள் நட்டது எப்பிடியப்பா விழுந்தது? ஊர் முழுக்க வேலி போட்டுட்டு வீட்டில ஒரு தடியை ஒழுங்கா நடேலாமப் போச்சோ?"

அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்று ஏறியது. சுற்றுமுற்றும் பார்த்தார். அப்போதுதான் புல்லைக் கவனித்தார். சடங்குக்கு ஆட்கள் வருவார்கள் என்று போன மாதம் பாய் மாதிரி விரித்த புதுப் புல். அதிலே அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழிகள், ஐஸ்கிறீம் கோனைக் குத்தி எடுத்தது போல. எண்ணினால் இருபதுக்கு மேலே வரும்.

"இஞ்ச பார். ஏதோ மிருகம் கிண்டியிருக்கு. அதுதான் தடியையும் விழுத்திப்போட்டுது."

"அகழான் எலியோ?"

"வேறென்ன?"

தனேஸ்வரிக்கு மூச்சு வந்தது. எலி என்றால் எலி, அதில் சகுனம் ஒன்றும் இல்லை. பூனை குறுக்கே போனால்தான் சகுனம், எலி கிண்டினால் அது எலியின் குணம். எவ்வளவு சுலபமாக மனம் சமாதானமாகிறது பாருங்கள்!

குசினிக் கதவடியில் மகள் ராகவி நின்றாள். முப்பத்திநாலு வயது, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. சனிக்கிழமையிலும் வேலைக்குப் போகிற நீல உடுப்போடு நின்றாள்.

"அப்பா, கன்னிக்கால் விழுந்தால் கூடாதெண்டு அம்மம்மா சொல்லுறவா எல்லோ?"

"வாயைக் கழுவடி!" என்றாள் தாய். "எலி கிண்டினதுக்கு நீயேன் அபசகுனம் பேசுறாய்?"

"நான் கேட்டனான், அவ்வளவுதான்."

"கேக்கவும் வேண்டாம்."

ராகவி தகப்பனைப் பார்த்தாள். அவர் அலவாங்கால் மண்ணை இடித்துக்கொண்டிருந்தார். "பிறகு கதைப்பம் பிள்ளை" என்றார் நிமிராமலே. அவள் கார்த் திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

அந்த வீட்டில் 'பிறகு கதைப்பம்' என்ற சொல்லுக்கு நாலு வருஷ வயது. நாலு வருஷத்துக்கு முன்னர் ராகவிக்கு ஒரு கலியாணம் பேசி, அழைப்புக் காட் அடித்து, மண்டபமும் எடுத்தபிறகு மாப்பிள்ளை வீட்டார் கையை விரித்துவிட்டார்கள். தனேஸ்வரி மூன்று மாதம் கோயிலுக்கே போகவில்லை. டண்டினொங் கடையில் மரக்கறி வாங்குகிற பெண்கள் வெண்டிக்காயை முறித்துப் பார்த்துக்கொண்டே "அந்தப் பிள்ளைக்கு என்னவாம்?" என்று கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? இப்போது இரண்டாந்தரம். இதுவும் நின்றால் தாங்கமாட்டாள் என்று வரதராஜா மனைவியைத்தான் நினைத்துப் பயந்தார். மகளை நினைத்தாரா என்றால் நான் என்ன சொல்ல?

மத்தியானம் வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டு ஜூடித் எட்டிப் பார்த்தாள். எழுபது வயது வெள்ளைக்காரி, பக்கத்துத் தாவரவியற் பூங்காவில் தொண்டு வேலை செய்கிறவள். குழிகளைக் கண்டதும் அவள் முகம் மலர்ந்துவிட்டது. அது எலி இல்லையாம், பாண்டிகூட் என்கிற பிராணியாம். நீண்ட மூக்கு, முயலளவு உடம்பு, கங்காரு மாதிரி வயிற்றில் பை. புல்லுக்கடியில் புழு தேடிக் கிண்டுமாம். உலகத்தில் அருகி வருகிறதாம், சட்டப் பாதுகாப்பு உண்டாம். அது வந்து போவது பெரிய அதிர்ஷ்டம் என்றாள்.

"அதிர்ஷ்டம்!" என்று தமிழில் பல்லைக் கடித்தார் வரதராஜா. பிறகு இங்கிலீசில் நன்றி சொன்னார்.

ஜூடித் விடவில்லை. பூங்காவில் அவற்றை எண்ணுவதற்குப் பொறிக்கூடு வைப்பார்களாம். கூட்டுக்குள் வேர்க்கடலை பட்டரும் ஓட்சும் உருட்டி வைத்தால் பாண்டிகூட் எங்கிருந்தாலும் வந்துவிடுமாம். பாவி மனுசி, அன்போடுதான் சொன்னாள்.

கலியாணம் முடியுமட்டும் மெல்போர்னிலேயே தங்கியிருந்த மகேந்திரராஜா மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார். கலியாண வீடென்று மச்சம் மாமிசம் இல்லை. கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, முருங்கையிலை வறை, பொரித்த மோர்மிளகாய். சாப்பாட்டுக்கிடையில் தனேஸ்வரி விஷயத்தை அவிழ்த்துவிட்டாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்குச் சொன்னனியளோ?" மகேந்திரராஜாவின் கை சோற்றில் நின்றது.

"விசரே அண்ணை?"

"சொல்லிப்போடாதை. பிரேம்நாத்தின்ரை தாய் சாத்திரம் பாக்கிற மனுசி. ஒண்டைப் பத்தாக்கும். மச்சான், உந்தச் சாமானுக்கு ஒரு வழி பண்ணவேணும்."

"பாதுகாக்கப்பட்ட மிருகமாம் மச்சான். கவுன்சிலுக்குத் தெரிஞ்சால் வில்லங்கம்" என்றார் வரதராஜா.

"கவுன்சில் வந்து உன்ரை மகளுக்குத் தாலி கட்டுமோ? என்ன கதை கதைக்கிறாய்! ஹாட்வெயார் கடையில எலிப்பாஷாணம் கிடக்கு. எலிக்கு வைச்சனாங்கள், வேறை என்னவோ திண்டிட்டுது, அவ்வளவுதான்."

"பாவமெல்லோ?"

"பாவத்தைப் பற்றிக் கலியாணம் முடியக் கதைப்பம். முப்பத்திநாலு வயசு மச்சான். இந்தப் பெடியனை நான் எவ்வளவு கெஞ்சிக் கொண்டந்தனான் தெரியுமோ? முதல் நிண்ட கதையை அவங்களுக்கு விழுங்கப் பண்ண எனக்குத் தொண்டைத்தண்ணி வத்திப்போச்சு."

ராகவி மேசையின் மறுபக்கத்தில் இருந்தாள். சாப்பாட்டுக் கோப்பையில் சோறு அப்படியே கிடந்தது.

"மாமா, பிரேம் எப்பிடிப்பட்ட ஆள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஏன் தெரியாது? இஞ்சினியர். குடிக்கிறேல்லை, சிகரெட் இல்லை. தாயிலை உயிர்."

"நான் அதைக் கேக்கேல்லை."

"பிள்ளை, அண்ணைக்கு இன்னும் கொஞ்சம் வறை போடு" என்றாள் தனேஸ்வரி. அவள் குரலில் இருந்த அவசரத்தை வரதராஜா கவனித்தார். ஏன் என்று கேட்டிருக்கலாம். மோர்மிளகாயைக் கடித்தார்.

பின்னேரம் அவர் ஹாட்வெயார் கடைக்குப் போய்ப் பாஷாணம் வாங்கிவந்தார். ஷெட்டுக்குள் நின்று வேர்க்கடலை பட்டரில் ஓட்சைக் குழைத்து, அந்தப் பச்சை மணிகளை நொறுக்கிக் கலந்து, மோதகம் மாதிரி உருட்டினார். ஆறு உருண்டை, இருட்டினதும் புல்லுக் குழிகளின் பக்கத்தில் வைத்தார். கைக்கு றப்பர் உறை போட்டிருந்தார். எந்த வேலையையும் திருத்தமாகச் செய்கிறவர் அல்லவா.

செவ்வாய்க்கிழமை விடிய கன்னிக்கால் மறுபடியும் புல்லில் கிடந்தது. உருண்டைகளில் நாலைக் காணவில்லை. தனேஸ்வரி இந்தமுறை கத்தவில்லை. படிக்கட்டில் இருந்து நெஞ்சைத் தடவினாள். "இது எலியோ என்னவோ, எனக்குப் பயமாக் கிடக்கப்பா. ஐயரைக் கேப்பமோ?"

"ஐயரைக் கேட்டால் ஐயர் அவற்ரை மனுசிக்குச் சொல்லுவார். பிறகு றேடியோவிலதான் மிச்சம். மருந்து திண்டிருக்கு, ரெண்டு நாள் பொறு" என்றார் வரதராஜா.

ராகவி அன்றும் கதவடியில் நின்று பார்த்தாள். "ரெண்டாந்தரம்" என்று மட்டும் சொன்னாள்.  மழை தூறத் தொடங்கியது. அவர் நனைந்துகொண்டே தடியை நட்டார், முன்னையிலும் ஒரு சாண் ஆழமாக.

வியாழக்கிழமை காலையில் பின்வளவு முருங்கை மரத்துக்குக் கீழே அது செத்துக் கிடந்தது. மண்ணிறம். கூர்மூக்கு, மூக்கு நுனியில் ஈரமண். எலியுமில்லை, முயலுமில்லை, இரண்டும் சேர்ந்த ஏதோ ஒன்று. கன்னிக்கால் நேராக நின்றது. "அப்பாடா" என்றார் வரதராஜா. ஜூடித் எழும்புமுன் புதைக்கவேண்டும். மண்வெட்டியால் தூக்கியபோது வயிற்றுப் பக்கத்தில் ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தார். பைக்குள் இரண்டு குட்டிகள், மயிர் முளைக்காதவை, பெருவிரலளவு. முலையைக் கவ்வியபடி இருந்தன. இன்னும் சாகவில்லை.

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். என்ன செய்வது? யாரிடம் கொடுப்பது? கொடுத்தால் தாய் எங்கே என்று கேட்பார்களே. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாகிவிடும் என்று தனக்குத்தானே சொன்னார்.  மூன்றையும் அந்த முருங்கையடியிலேயே ஒன்றாகப் புதைத்தார். மண்ணை மூன்று தட்டாகப் போட்டு இறுக்கினார். அது பழக்கத்தில் வந்தது.

"முடிஞ்சுது" என்றார் தனேஸ்வரியிடம்.

"அம்மாளாச்சி கண் திறந்தா" என்றாள் அவள். அன்றைக்கு முழுக்க அவள் நடையே வேறு. பயற்றம் பணியாரத்துக்கு மா வறுத்தாள், சிட்னிக்கு ஃபோன் எடுத்துச் சம்பந்தியோடு சிரித்துச் சிரித்துக் கதைத்தாள். ராகவி வேலையால் வந்து விஷயத்தைக் கேட்டாள். "குட்டி இருந்ததோ?" என்று கேட்டாள். வரதராஜா "இல்லை" என்றார்.

வெள்ளிக்கிழமை விடிய கன்னிக்கால் புல்லில் கிடந்தது.

மனைவி இன்னும் எழும்பவில்லை. வரதராஜா குழியருகில் குந்தினார். இனிச் சாட்டுச் சொல்ல ஒரு மிருகமும் இல்லை. அது பதினைந்து அடி தள்ளி மண்ணுக்குள் கிடந்தது. மூக்கால் கிண்டுகிற பிராணி புனல் மாதிரித்தான் குழி பறிக்கும், விரலாழத்துக்கு மேல் போகாது. இது நேர்ச்சுவர்க் குழி. வாய் அகன்றிருந்ததென்றால் யாரோ தடியை இரண்டு கையாலும் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி ஆட்டி உருவியிருக்கிறார்கள். பத்தொன்பது வருஷம் பழைய கம்பங்களை அவர் உருவிய விதம் அதேதான். பள்ளிக்கூட லீவுக்கு ராகவியை வேலைக்குக் கூட்டிக்கொண்டு போன காலத்தில், "இழுக்காதை பிள்ளை, முதல் ஆட்டு" என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தவரும் அவர்தான். முதல் சனிக்கிழமையே அந்தக் குழி அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. அதைக் காலால் மூடியதும் அவரேதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மனிதர்!

"நான்தான் அப்பா."

பின்னால் ராகவி நின்றாள். நீல உடுப்பு, காலில் சப்பாத்து. கைவிரல்களில் மண் இருந்தது. அவள் அதைத் துடைக்கக்கூட இல்லை.

"ஏன் பிள்ளை?"

"மார்ச்சில சிட்னிக்குப் போனன் எல்லோ, சேலை எடுக்க. ஹரிஸ் பார்க்கில இனிப்புக் கடையில நிண்டு கடைக்காரப் பெடியன் என்னவோ சொல்லச் சிரிச்சன். அவ்வளவுதான். பிரேம் ஒண்டும் சொல்லேல்லை. வெளியில வந்து என்ரை ஹான்ட்பாக்கையும் ஃபோனையும் காருக்குள்ள வைக்கச் சொன்னான். வைச்சன். கதவைப் பூட்டிக்கொண்டு காரை எடுத்துக்கொண்டு போயிட்டான். ஒரு மணித்தியாலம் றோட்டில நிண்டனான் அப்பா, மழையில. பிறகு வந்து கண்ணாடியை இறக்கி, 'இப்ப விளங்கினதோ?' எண்டு கேட்டான்."

வரதராஜா குழியின் விளிம்பு மண்ணைக் கிள்ளினார்.

"நீ... அம்மாவுக்குச் சொன்னனியோ?"

"சொன்னன். கலியாணம் முடிஞ்சால் சரியாப் போயிடும் எண்டா. உங்களுக்குச் சொல்ல நாலு தரம் வந்தனான். பிறகு கதைப்பம் எண்டியள்."

"அதுக்கு... கன்னிக்காலை ஏன் பிடுங்கினனி?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது.

"நான் சொன்னால் நீங்கள் கேக்கமாட்டியள். சகுனம் சொன்னால் கேப்பியள் எண்டு நினைச்சன். நாள் பாத்து, நட்சத்திரம் பாத்து, பல்லி சொன்னாலே பயணத்தை நிப்பாட்டுற ஆக்களெல்லோ. கன்னிக்கால் விழுந்தால் கட்டாயம் நிப்பாட்டுவியள் எண்டுதான் நினைச்சன். மூண்டு தரம் பிடுங்கினன் அப்பா. நீங்கள் அந்தச் சீவனைச் சாகடிச்சுப்போட்டு மூண்டு தரமும் நட்டியள்."

"ரெண்டு தரம்தான் நட்டனான்" என்றார் வரதராஜா. ஏன் அப்படிச் சொன்னாரென்று அவருக்கே தெரியாது.

"ஓம். மூண்டாவது இனித்தான். என்ன செய்யப் போறியள்?"

குசினியில் லைற் எரிந்தது. குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. தனேஸ்வரி பாற்செம்பைக் கழுவுகிறாள். இன்னும் ஐந்து நிமிஷத்தில் வருவாள். ஞாயிற்றுக்கிழமைக்கு முந்நூறு பேர். இப்போதே சிட்னியிலிருந்து வெளிக்கிட்டு வந்துகொண்டிருக்கும் மாப்பிள்ளை வீட்டாரின் இரண்டு வான் வண்டிகள். மரக்கறிக் கடையில் வெண்டிக்காய் முறிக்கிற பெண்கள். படிக்கட்டில் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்த மனைவி. அத்தனை பேரும் ஒரு பக்கம், மண் பிடித்த விரல்களோடு மகள் ஒரு பக்கம். வரதராஜா மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை வேறுமாதிரி நடந்திருக்கும். எழும்பி ஷெட்டுக்குப் போனார்.

வரும்போது தோளில் ஒரு பை இருந்தது. வேலிக் கம்பத்துக்குப் போடுகிற கொங்கிறீட், தண்ணீர் ஊற்றினால் கால் மணித்தியாலத்தில் இறுகுகிற சாமான். தடியைக் குழிக்குள் நிறுத்தி, ஒரு கண்ணை மூடி நேர் பார்த்து, பையைக் கிழித்துச் சுற்றிவரக் கொட்டினார். வாளித் தண்ணீரை மெல்ல ஊற்றினார். பச்சைப் புல்லின் நடுவே சாம்பல் நிறமாக அது கொதித்து அடங்கியது. 

"அது வேர்விடாது அப்பா" என்றாள் ராகவி.

"கலியாணம் முடியுமட்டும் நிண்டால் போதும்."

 அவள் தோட்டக் குழாயடியில் குந்தி, விரல் விரலாக மண்ணைக் கழுவினாள். பிறகு "போயிட்டு வாறன்" என்று யாரிடமென்றில்லாமல் சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள். கார் தெருமுனையில் திரும்புகிற சத்தம் வரை அவர் அசையாமல் நின்றார்.

தனேஸ்வரி செம்போடு வந்தாள். தடி நேராக நிற்பதைக் கண்டு கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அடியைப் பார்த்தாள்.

"கொங்கிறீட்டோ போட்டியள்?"

"ஓம். இனி ஆடாது."

"பிள்ளையளுக்கு நல்லாய் இருந்தால் சரி" என்று சொல்லிப் பாலை ஊற்றினாள். பால் உள்ளே இறங்கவில்லை. இறுகத் தொடங்கிய கொங்கிறீட்டின் மேலால் வழிந்து, புல்லிலிருந்த குழிகளைத் தாண்டி, முருங்கையடிப் பக்கமாக ஓடியது.